காடியின் நடுக்கம்

கருணாகரனின் மோரிஸ் மைனர் கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது. வீட்டு வாசல் சிமெண்டில் ஒரு கறை. புங்கா ராயா சந்தைக்குப் பின்னால் அவர் வழக்கமாக நிறுத்தும் மரத்தடியில் ஒரு கறை. பக்கத்து வீட்டு தேவதாஸ் தம் வேலியோரத்தில் கிடந்த கறையின்மேல் மணலை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, மலாயில் கேலி பேசுவார்: "கருணா, உன் காடிக்கு வயிறு சரியில்ல போலிருக்கே!"

காஜா பேராங்கில் கம்போங் செட்டிக்குள் திரும்பும் முனையில் இருந்தது அந்தப் பலகை வீடு. முன்னால் கார் நிற்க ஒரு தகரக் கொட்டகை. கருணாகரன் பொதுப்பணித் துறையில் தார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர் விட்டுச் சென்ற கார் இது. கருணாகரனின் மனைவி சாரதாம்பாள் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆயர் குரோ கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் அவளைத் தேடி ஆள் வரும். வந்தால் அவள் பையை எடுப்பாள், அவர் சாவியை எடுப்பார். ஒரே மகளைச் சிரம்பானில் கட்டிக்கொடுத்த பிறகு இருவருக்கும் வாழ்க்கையே அந்தக் காருக்குள்தான் என்று ஆகியிருந்தது. போகும்போது அவள் ஏதும் பேசமாட்டாள். திரும்பும்போது என்ன பிள்ளை, என்ன எடை, யார் சாயல் என்று ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் கடைகளில் காகிதக் கொடிகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் மழை கொட்டும். அப்படி ஒரு மழையில்தான் ஆயர் குரோவுக்குப் போகும்போது கருணாகரன் காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பி வரும்போது கார் திடீரென்று ஓரம் விலகி, சைக்கிளில் காய்கறிக் கூடையோடு போன ஒரு சீனக் கிழவரை உரசப் பார்த்தது. கிழவர் லோங்காங்கில் இறங்கி நின்று, சாக்கடைத் தண்ணீரில் கால் நனைய, கத்தித் தீர்த்தார்.

அன்றைக்குச் சாரதாம்பாள் பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசவில்லை.

"பாத்தியா, ஸ்டேரிங் எப்படி ஆடுதுன்னு?" என்றார் கருணாகரன். "எண்ணெ பூராவும் வெளிய போயிருச்சு. உள்ள பல்லும் பல்லும் வறட்டு வறட்டுன்னு தேயுது. கையில நிக்கவே மாட்டேங்குது."

"பட்டறையில விட்டுப் பாத்துறலாம்ல?"

"என் காடிய எவன்கிட்டயும் விடமாட்டேன். நானே பிரிக்கிறேன்."

ஜன்னல் கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அவர் கபீர் பாயின் உதிரி சாமான் கடைக்குப் போனார். கபீர் பாய் அந்தக் கடையில் அப்பா காலத்திலிருந்தே உட்கார்ந்திருப்பவர். சாமான் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் கை அலமாரிக்குப் போய்விடும்.

"ஸ்டேரிங் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் மாட்டுற ரப்பர் உறை வேணும் பாய். மடிப்பு மடிப்பா இருக்குமே, அது. பழசு கிழிஞ்சு போச்சு."

"கிழிஞ்சா எண்ணெ எங்கண்ணே நிக்கும்? மழத்தண்ணியும் உள்ள போயிருக்கும்." உறை இரண்டையும் மேசையில் போட்டார் கபீர் பாய். "என் மச்சான் பட்டறையில விடுங்களேன். ஒரு மத்தியானத்துல முடிச்சிருவானுங்க."

"எதுக்கு பாய்? தார் லாரி எஞ்சினையே ரோட்டோரத்துல எறக்கி ஏத்தினவன் நான்."

"அது தெரியாதா எனக்கு?" என்று சொல்லிக்கொண்டே கெட்டி எண்ணெய் டின்னை நீட்டினார். கருணாகரன் வாங்கினார். டின்னின் கம்பிப் பிடி அவர் கையில் கடகடவென்று தாளம் போட்டது. கபீர் பாய் ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு டின்னை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இருங்கண்ணே, எனக்கும் கொஞ்சம் நடக்கணும் போல இருக்கு" என்று தாமே கார் வரைக்கும் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. இட்லியும் நெத்திலி சம்பலும் பசியாறிவிட்டு, கருணாகரன் பழைய சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகையில் இறங்கினார். காரை ஜேக்கில் ஏற்றினார். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி வேலியில் சாய்த்துவைத்தார். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்ததும் சூடேறிய எண்ணெயும் நனைந்த தூசியும் கலந்த வாடை வந்தது. எஞ்சினுக்குப் பின்னால், குறுக்கே கிடந்தது ஸ்டேரிங் பெட்டி. அதன் ஒரு முனையில் ரப்பர் உறை வாய் பிளந்து, விளிம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் கட்டிப்போயிருந்தது.

"இங்க பாரு சாரதா, இங்க பாரு! நான் சொன்னேனா இல்லியா?" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். காணாமல் போனதைக் கண்டெடுத்தவர் போல.

சாரதாம்பாள் எட்டிப் பார்த்தாள். "ஆமா, நல்லாத்தான் கிழிஞ்சிருக்கு" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பதினொண்ணாம் நம்பர் ஸ்பானர்."

கொடுத்தாள்.

"அது இல்ல, வளைஞ்சது."

அதையும் கொடுத்தாள்.

பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் முனை, சக்கரத்துப் பக்கம் விடவில்லை. இரண்டு சுத்தியலை எடுத்து, ஒன்றை அண்டக்கொடுத்து மற்றதால் அடிக்க வேண்டும். முதல் அடி குறி தப்பி அவர் கட்டைவிரலில் விழுந்தது. ரத்தம் கட்டிவிட்டது. அவள் எழுந்தாள்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. எண்ணெக் கை, வழுக்கிருச்சு."

"குடுங்க, அண்டக் கொடுக்கிறத நான் பிடிச்சிக்கிறேன்."

அவள் பிடித்துக்கொண்டாள். அவர் அடித்தார். ஒரு அடி அவள் மணிக்கட்டுக்கு மிக அருகில் வந்து போனது. அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த அடியில் டொக்கென்று முனை விட்டது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

முனை இருந்த இடத்துக்கே மறுபடி வரவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடும். அதற்காக வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு மரையில் அடையாளம் வைத்தார். பிறகு பழைய உறையை உருவினார். உள்ளே இருந்தது எண்ணெயா சேறா என்று சொல்ல முடியவில்லை. சாரதாம்பாள் பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, அவர் கம்பியைத் துடைத்துத் துடைத்து வெள்ளி போலாக்கினார். பெட்டியின் மூடிக்கடியில் இருந்த மெல்லிய தகட்டில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கினார். "இனி ஆட்டம் இருக்காது" என்றார்.

புது உறையை ஏற்றியாகிவிட்டது. அதன் கழுத்தை இறுக்க ஒரு வளையம். வளையத்துக்கு ஒரு சின்னஞ்சிறு திருகாணி. அங்கேதான் வேலை நின்றது. திருகாணி துளையில் உட்காரவில்லை. கீழே விழுந்தது. தேடி எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடியும். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக் கண்ணில் விழ, "சனியன், கண்ணு தெரியாத எடத்துல வச்சிருக்கான் பாரு!" என்று கத்தினார்.

"வளையத்த விடுங்க" என்றாள் சாரதாம்பாள். "கம்பி இருக்கா?"

மின்சார வேலை செய்தபோது மிஞ்சிய மெல்லிய செம்புக் கம்பி இருந்தது. அவள் குனிந்து, எஞ்சின் இடுக்கில் கையை விட்டு, உறையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனைகளை முறுக்கி மடித்து உள்ளே செருகினாள். பிறந்த பிள்ளையின் கொப்பூழ்க் கொடியைக் கட்டுகிற அதே லாவகம். எண்ணெயை நிரப்பியதும் ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

"உன் முடிச்சு நல்ல முடிச்சு" என்றார் கருணாகரன், வேறெங்கோ பார்த்தபடி.

சாயந்திரம் காரை எடுத்துக்கொண்டு தெங்கேரா கடல் ரோட்டுப் பக்கம் போனார்கள். முதலில் நன்றாக இருந்தது. ஸ்டேரிங் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நேர்ரோடு வந்தது. கார் இப்படியும் அப்படியும் மெல்ல அலைந்தது. அவர் பிடியை இறுக்கினார். அலைச்சல் கூடியது. காரை ஓரம் கட்டினார்.

"இன்னும் நடுங்குது" என்றார். "எங்கியோ ஒண்ண விட்டுட்டேன்."

மறுநாள் மறுபடி ஜேக், மறுபடி ஸ்பானர். இன்னொரு தகட்டை எடுத்தார். ஸ்டேரிங் இறுகிப்போய்ச் சுற்றவே மறுத்தது. திரும்ப அதே தகட்டைப் போட்டார். சாரதாம்பாள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து வந்து கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் தேவதாஸ் வேலிக்கு அப்பாலிருந்து வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சத்து மனிதர். டவுன் பஸ் ஓட்டுபவர். மாரியம்மன் கோயிலில் முதல் ஆளாக நிற்பார், ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். கருணாகரன் முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டினார். "குன்சி?"

சாவியை வாங்கி, காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"பாகுஸ் லா, கருணா! தக் அடா கோயாங்! சிக்கிட் புன் தக் அடா!" நல்லா இருக்கு, ஆட்டமே இல்ல, கொஞ்சங்கூட இல்ல. அவருடைய பஸ்ஸே இப்படி ஓடாது என்று சொல்லிக் கருணாகரனின் தோளில் தட்டினார். நண்பனுக்கு நல்ல சேதி சொன்ன நிறைவோடு வீட்டுக்குப் போனார்.

கருணாகரன் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரத் தூளைப் போட்டுக் கையைத் தேய்த்தார். அழுக்குப் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாரதாம்பாள் ஒரு கண்ணாடிக் கோப்பையில் பாதிக்கு மட்டும் பால் சேர்க்காத தே ஓ ஊற்றிக்கொண்டு வந்து, குழாய்த் திட்டில் வைத்தாள்.

அவர் அந்தப் பாதிக் கோப்பையைப் பார்த்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

குழாயை மூடினாள். "போன தீவாளிக்கு முன்னாலயே. பாயாசக் கிண்ணத்த ரெண்டு கையால பிடிச்சீங்க."

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சிக்கிட்டேவா ரெண்டு நாளா ஸ்பானர் எடுத்து எடுத்துக் குடுத்த?"

"எண்ணெ ஒழுகுனது நெசந்தானே? காடிக்கு வேண்டியதக் காடிக்குச் செஞ்சோம். அது ஒண்ணும் வீணில்ல." அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வலி வந்த எடத்துல நான் எவளையும் அவசரப்படுத்துனதில்லீங்க. அது தானா வரணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அந்தச் சீனக் கிழவன் அன்னைக்குச் செத்திருப்பான் சாரதா."

"சாகல."

"காடில இல்ல. அங்க ஒண்ணும் இல்ல. இங்கதான் இருக்கு." இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். கழுவிச் சிவந்த கைகள். காற்றில் வாழையிலை போல அசைந்தன. அவள் அவற்றைப் பிடித்து நிறுத்தவில்லை. தன் உள்ளங்கைகளை அடியில் கொடுத்து, அவை அசைகிறபடியே அசையவிட்டு வைத்திருந்தாள்.

டாக்டரிடம் போனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, சிலருக்கு இப்படி வரும், கார் ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் கருணாகரன் சாவியை ஆணியில் மாட்டினார்.

"வித்துறலாம்" என்றார்.

"எதுக்கு விக்கணும்?"

"நிறுத்தி வச்சிப் பாத்துக்கிட்டிருக்கவா? தோட்டத்துக்கெல்லாம் எப்படிப் போவ? சைக்கிள்லயா?"

"எனக்குக் கையில்லியா?" என்றாள் சாரதாம்பாள். "சொல்லிக்குடுங்க."

அதன்பின் காலையில் வெயில் ஏறுமுன் கிளேபாங் கடலோரத்து வெட்டவெளியில் அந்தக் கார் முக்கி முனகித் துள்ளி நின்றது. முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் பழகுநர் அட்டை. கருணாகரன் இடப்பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார்.

"கிளட்ச்ச விடு... மெதுவா! மெதுவான்னா என்னா அர்த்தம்? அது என்ன, மாட்டயா உதைக்கிற?"

"கத்தாதீங்க. வலியில துடிக்கிறவளக்கூட நான் இப்படித் திட்டுனதில்ல."

"ஸ்டேரிங்க நெறிக்காத. அதுக்கு மூச்சு முட்டும்."

அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பியதும் சில நாள் யாரிடமும் பேசாமல் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். சாரதாம்பாள் அவரைக் கூப்பிடமாட்டாள். சோறு ஆறிவிடும்போலிருந்தால் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் தட்டையும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

சுதந்திரம் வந்தது. திடலில் கூட்டம் போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்திலிருந்து தியாகு என்கிற பால்மரம் வெட்டும் தொழிலாளி சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். மனைவி விஜயாவுக்கு இடுப்பு வலி.

சாரதாம்பாள்தான் ஓட்டினாள். ஊருக்கு வெளியே அவள் ஓட்டிய முதல் தூரம் அது. தொழிலாளர் லயத்து வீட்டில் பெண் குழந்தை சிக்கலில்லாமல் பிறந்தது. கருணாகரன் வெளியே காரில் சாய்ந்து, மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வழக்கமாகக் கேட்கும் பெண்களின் சிரிப்பு கேட்கவில்லை.

சாரதாம்பாள் வெளியே வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ரத்தம் நிக்கலீங்க. நஞ்சுக்கொடி வந்திருச்சு, ஊசியும் போட்டுட்டேன். கர்ப்பப்பை இறுகல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், இப்பவே."

"தோட்டத்து லாரி?" என்று கருணாகரன் தியாகுவைப் பார்த்தார்.

"பால் ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போயிருச்சுங்க."

விஜயாவைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்து பின் இருக்கையில் கிடத்தினார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது. சாரதாம்பாள் அவள் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இவகூட இருந்தா நல்லதுங்க. நீங்க..." என்று நிறுத்தினாள்.

கருணாகரன் வலப்பக்கக் கதவின் பிடியில் கை வைத்திருந்தார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் கை தானாக அங்கே போயிருந்தது. கதவும் திறந்திருந்தது. அவர் தம் விரல்களைப் பார்த்தார். சாவிக்கொத்து அதில் கிணுகிணுத்தது.

"இல்ல சாரதா" என்றார். "ரோடு ஈரம். உள்ள ஒரு உயிர் கிடக்கு. என் கைய நம்பாத. நீ ஓட்டு."

அவள் ஒரு நொடிதான் தயங்கினாள். விஜயாவின் மாமியார் பூங்காவனத்தைப் பின்னால் ஏற்றி, அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். "இங்க, கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் இப்படியே தேய்க்கணும். கை ஓயக் கூடாது. என்ன?"

"சரி தாயி, சரி தாயி."

தியாகு பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டு, மூத்த பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விடப் போனான். பிறந்த குழந்தை மிச்சம் இருந்தது. சாரதாம்பாள் அதைச் சாரத் துணியில் சுற்றி, முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்ட கருணாகரனின் மடியில் வைத்தாள்.

"அய்யோ, கீழ விட்டுருவேன்..."

"விடமாட்டீங்க."

தோட்டத்து மண்ரோட்டைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. சாரதாம்பாள் மூக்கு காரின் முன்கண்ணாடியில் ஒட்டும்படி குனிந்து ஓட்டினாள். பின்னால் பூங்காவனம், "கண்ணத் தொற விஜயா, கண்ணத் தொற" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே ஒரு மர லாரி தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. எதுவும் தெரியவில்லை. அவள் கால் பிரேக்கைத் தேடியது.

"மிதிக்காத! வழுக்கும். அப்படியே விடு, நேராப் போகும். ம்... தெரியுதா இப்ப?"

"தெரியுது."

"முன்னால வளைவு. இப்பவே லேசா ஒடி. லேசா. ஆங், அவ்வளவுதான். ஸ்டேரிங் நல்லா இருக்கு, பயப்படாத."

"எனக்குக் கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும். காடி நடுங்கல பாரு. ஓட்டு."

கிளேபாங்கில் கத்தியது போல அவர் கத்தவில்லை. அத்தனை மழையிலும் அடங்கிய குரலில், ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அது வருமுன்னே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ரோட்டின் பாதியை அவர்தான் தார் ஊற்றிப் போட்டிருந்தார். பாச்சாங் தாண்டும்போது, "இறுகுது தாயி, இறுகுது!" என்று பூங்காவனம் பின்னாலிருந்து கூவினாள்.

"விட்டுறாதீங்க, தேய்ங்க!" என்றாள் சாரதாம்பாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது. விஜயாவை இறக்கிக்கொண்டு ஓடினார்கள். சாரதாம்பாளும் பூங்காவனமும் பின்னாலேயே ஓடினார்கள். காரின் கதவு திறந்தபடியே கிடந்தது. கருணாகரன் இருந்த இடத்திலேயே, குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். புறப்பட்டதிலிருந்து அழுதுகொண்டிருந்த அது எப்போது அழுகையை நிறுத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துச் சாரதாம்பாள் வந்தாள். கைகளைக் கழுவியிருந்தாள். நடை தளர்ந்திருந்தது.

"நின்னுருச்சு" என்றாள். "ரத்தம் ஏத்துறாங்க. பொழச்சிக்குவா. சரியான நேரத்துக்கு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு."

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. குழந்தையை வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தில் சாரத் துணி ஒரு சீராக அசைந்தது. உள்ளே பிள்ளை வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கியது.

"நான் ஒண்ணும் ஆட்டல" என்றார் கருணாகரன் ரகசியக் குரலில். "தானா ஆடுது."

சாரதாம்பாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து, குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினாள். கருணாகரன் நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க மிஸ்ஸி" என்றார். "இப்பத்தான் கண்ண மூடுச்சு."